பந்தி இல்லாத ரிசப்ஷன்

கொக்கரையான்பட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தாங்கள் மடையர்கள் என்பதை அடுத்தவர் வந்து சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். அதிலும் நல்லபெருமாளுக்கு நன்றாகவே தெரியும். மூத்த மகள் கல்யாணத்தில் பாயசம் பத்தாமல் போனபோது, சொந்தமாக யோசித்து மிச்சமிருந்த ரசத்தை அதில் ஊற்றியவர் அவர்தான்.

இளையவள் பூங்கோதைக்குப் பெங்களூரில் வேலை. கோயிலில் தாலி கட்டு, மறுநாள் காலையில் மண்டபத்தில் ரிசப்ஷன். அதுவும் காக்டெயில் ஸ்டைலில். போனில் விளக்கினாள்.

“பயப்படாதீங்கப்பா, சாராயமெல்லாம் கிடையாது, ஜூஸ்தான். பந்தி வேண்டாம், நாற்காலி வேண்டாம். எல்லாரும் நின்னுக்கிட்டே சாப்பிடணும். பலகாரம் ஒரே வாயில போற மாதிரி சின்னதா இருக்கட்டும். தட்டு கூட்டத்துக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கணும். ரெண்டு வீட்டாரும் கலந்து பேசணும். அவ்வளவுதான். எங்க மாமனார் ஏற்கெனவே நம்ம ஊரைப் பத்தி ஒரு மாதிரிப் பேசுறாரு. என் மானத்தைக் காப்பாத்துங்க.”

நல்லபெருமாள், தம்பி மாடக்கண்ணுவையும் மச்சினன் பூலோகராசனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நம்ம மூளையோட லட்சணம் நமக்குத் தெரியும். சொந்தமா யோசிச்சாத்தான் வம்பு. பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்வோம். இம்மி மாறக் கூடாது.”

“யோசிக்காம இருக்கிறது எனக்குக் கஷ்டமில்ல அத்தான்” என்றான் பூலோகராசன்.

“ஒரே வாயிலன்னா, யார் வாயில?” என்று கேட்டார் மாடக்கண்ணு.

நியாயமான கேள்வி. மூவரும் வாயைத் திறந்து சோதித்தார்கள். பூலோகராசன் வாய்க்குள் ஒரு முழு இட்லி சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்தது. மாடக்கண்ணுவுக்குப் பாதி இட்லிக்கே கண் பிதுங்கியது.

“நம்ம வாயை நம்ப முடியாது. பெரிய மனுஷர் வாயாப் பார்த்து அளவெடுக்கணும்” என்றார் நல்லபெருமாள்.

பெரிய மனுஷர் என்றால் சம்பந்தி வைத்திலிங்கம்தான். மூவரும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்கள். காப்பி குடித்து முடித்ததும், தையல்காரரிடம் இரவல் வாங்கிய டேப்பை மடியில் வைத்துக்கொண்டு நல்லபெருமாள் பணிவாக ஆரம்பித்தார்.

“சம்பந்தி, நீங்க கொஞ்சம் வாயைத் திறக்கணும்.”

வைத்திலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நகை நட்டுன்னு எதுக்கும் வாய் திறக்கிற குடும்பம் இல்ல நாங்க.”

“அப்ப எப்படிச் சாப்பிடுவீங்க?” மாடக்கண்ணு உண்மையான கவலையோடு கேட்டார்.

சம்பந்தி திகைத்துப்போய் வாயைப் பிளந்தார். அந்த நேரத்தைத் தவறவிடாமல் பூலோகராசன் டேப்பை வைத்து அளந்துவிட்டான்.

திரும்பும்போது நல்லபெருமாளுக்கு மனசு சரியில்லை. “கோவிச்சுக்கிட்டாரோ?”

“கோவம் வந்தா வாயை இறுக்கிக்கிடுவாங்கண்ணே. அவருக்கு நாம வாசல் தாண்டுற வரைக்கும் மூடவே இல்லையே.”

அடுத்தது நிற்கிற விஷயம்.

“எல்லாரும்னா கைக்குழந்தையும் சேர்த்தியா?” என்று கேட்டார் நல்லபெருமாள்.

“எல்லாரும்னுதான சொன்னா?”

“அது எப்படிடே நிக்கும்?”

“தூக்கி வச்சிருக்கிறவங்க நின்னா, பிள்ளையும் நின்ன கணக்குத்தான்.”

இப்படி ஒரு முடிவு கிடைத்ததில் மூவருக்கும் பரம திருப்தி. மணமக்களும் எல்லாரில் சேர்த்தி என்பதால் மேடை சோபாவைத் திருப்பி அனுப்பினார்கள். மண்டபத்து வாட்ச்மேனின் ஸ்டூலைக்கூட விடவில்லை. அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

ரிசப்ஷன் அன்று எல்லாரும் நின்றார்கள். பலகாரத் தட்டோடு ஊர் இளவட்டங்கள் கிளம்பினார்கள். நல்லபெருமாள் அவர்களுக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயும் நிற்கக் கூடாது.

வைத்திலிங்கம் தன் வாய் அளவுக்கே செய்த மெதுவடை வருவதைப் பார்த்துக் கையை நீட்டினார். வடை அவரைக் கடந்து போனது. அடுத்து வந்த போண்டாவும் போனது.

“தம்பி, நில்லப்பா!”

“நிக்க வேண்டியது நீங்கதான் ஐயா. நாங்க சுத்தணும்” என்று சொல்லிக்கொண்டே பையன் வேகத்தைக் கூட்டினான்.

சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். துரத்தினார். பின்னால் அவருடைய பங்காளிகள். அவர்கள் பின்னால் கொக்கரையான்பட்டி ஜனம். மண்டபமே தேரோட்டமானது. தனித்தனியாக ஓடிப் பயனில்லை என்று கண்டதும் இரண்டு வீட்டாரும் தூணோரமாகக் கூடிக் கலந்து பேசினார்கள். “நீங்க கிழக்க மடக்குங்க, நாங்க மேடைப் பக்கம் அடைக்கோம்!” ஒரு தட்டு சிக்கியது.

நல்லபெருமாள் மேடையைப் பார்த்தார். முகத்தைப் பொத்திக்கொண்டிருந்த மகளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தார். ஓடிப்போய், “அம்மாடி, உன் அப்பன் மரமண்டைதான். ஆனா நீ சொன்னதைத்தான் செஞ்சேன்” என்றார்.

பூங்கோதை கையை எடுத்தாள். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. சிரித்துச் சிரித்து அவளால் பேச முடியவில்லை. பின்னாலேயே வைத்திலிங்கம் மூச்சு வாங்க வந்தார், வாயில் வடை. “சம்பந்தி, இப்படிப் பசியெடுத்துச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!”

நல்லபெருமாளுக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தம்பியையும் மச்சினனையும் கூப்பிட்டு, மூவரும் மேடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள்.

“நல்லாச் சிரிங்க. அப்படியே இருங்க, அசையக் கூடாது. பேட்டரி மாத்திட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போன போட்டோக்காரர், பசி மயக்கத்தில் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

மூவரும் சிரித்தபடி நின்றார்கள். மணமக்கள் வந்து காலில் விழுந்து விடைபெற்றார்கள். அப்பா அழாமல் அனுப்பிவைக்கிறாரே என்று பூங்கோதைக்குப் பெரிய ஆறுதல். விருந்தாட்கள் கலைந்தார்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள். சாயங்காலம் வேறு கல்யாண வீட்டார் வந்து இறங்கினார்கள்.

மேடையில் சிரித்த முகமாக நின்ற மூவரையும் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சித்தப்பாக்கள் என்று நினைத்தார்கள். சந்தனம் பூசி, மாலை போட்டு, அவர்களுக்கு நடுவே புது மணமக்களை நிறுத்தினார்கள். அவர்களுடைய போட்டோக்காரரின் கேமராவிலிருந்து பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

பூலோகராசன் பல்லைக் காட்டியபடியே முனகினான். “அத்தான், அதான் படம் எடுத்தாச்சே, போலாமா?”

“அசையாத மாப்ளே” என்றார் நல்லபெருமாள், உதடு பிரியாமல். “இவரு வேற ஆளு. நம்ம ஆளு வந்து சொல்லட்டும்.”