முகட்டில் மூன்று ஆணி

எப்போதோ ஒரு காலத்தில் வெண்குடி நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு.

அவனுடைய புது மண்டபத்துக்கு அம்மையப்ப ஆசாரி கூரைச் சட்டம் எழுப்பியிருந்தார். ஒரு இரும்பாணி கிடையாது. தூணும் உத்திரமும் பொருந்துகிற இடத்தில் துளை போட்டு, மர ஆணி அடித்தே நிறுத்தியிருந்தார். கீழே அண்டை கொடுத்த நாலு முட்டுக்கால்களை எடுப்பதுதான் பாக்கி.

பிரதானி சேந்தனுக்கு வயிறெரிந்தது. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர நினைத்திருந்தவன் அவன்.

"மகாராஜா, மரத்தை மரம் தாங்குமா? தங்கள் தலையில் விழப்போகிறது" என்று ஓதினான்.

ராஜா ஆசாரியை அழைத்தான். "நாளைக் காலை முட்டுக்கால்களைத் தட்டி எடு. அப்போது உன் பெண்டாட்டி முகட்டுக்கு நேர் கீழே உட்கார வேண்டும்."



விடிந்ததும் ஆசாரி சட்டத்தில் ஏறிப் பார்த்தார். முகட்டு உத்திரத்தில் மூன்று ஆணிகளைக் காணோம்! யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். வெகுநேரம் கழித்து இறங்கிவந்து, மனைவி செம்பாயியின் காதில் ஏதோ சொன்னார்.

ராஜாவும் சபையும் வந்தார்கள். செம்பாயி முகட்டின் கீழே போய் உட்கார்ந்து கும்பிட்டாள்.

"சாமி, தனியா உட்காரப் பயமா இருக்கு. பிரதானி ஐயா பக்கத்தில் இருந்தால் தைரியமா இருக்கும்."

"நல்ல யோசனை! உட்காரும், சேந்தரே!"

"இடுப்பு வலி, மகாராஜா..."

"உட்காரும் என்றேன்!"

ஆசாரி மரச்சுத்தியலான கொட்டாப்புளியை ஓங்கினார். ஒரு முட்டுக்கால் விழுந்தது. இரண்டு. மூன்று. நாலாவதுக்கு ஓங்கியபோது சேந்தன் அலறினான்.

"நிறுத்து! முகட்டில் மூணு ஆணி இல்லை! விழுந்துடும்!"

ராஜா சேந்தன் பக்கம் திரும்பினான். "மூன்று என்று உமக்கு எப்படித் தெரியும்?"



ஆசாரி ஓங்கியதை அடித்தார். கடைசி முட்டுக்காலும் போனது. பெண்கள் வீரிட்டார்கள். ராஜா தலையைப் பொத்திக்கொண்டான்.

ஒரு தூசிகூட விழவில்லை.

"காலையிலேயே புது ஆணி அடிச்சுட்டேன், சாமி. பிடுங்கினது யாருன்னுதான் தெரியாம இருந்தது" என்றார் ஆசாரி.

பதவி பறிபோன சேந்தனை, மண்டபம் முடியும்வரை ஆசாரிக்கு மரம் சுமக்கச் சொன்னான் ராஜா. பிறகு செம்பாயியைப் பார்த்தான்.

"ஒரு பெண்ணைக் கொல்ல இருந்தேனே! என்ன வேண்டுமோ கேள், அம்மா."

"இனிமே யாரையாவது உட்காரச் சொன்னா, முதல்ல நீங்க உட்காருங்க, சாமி."

இவள் தலை போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ராஜா நடந்துபோய், செம்பாயி இருந்த இடத்தில் வெறுந்தரையில் அமர்ந்தான். அண்ணாந்து முகட்டைப் பார்த்தான்.

"ஆசாரி, மூணையும் நல்லா அடிச்சீரா?"

சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை.