இசக்கிக்குச் சுளுக்கு, அண்ணாச்சிக்குக் கட்டு

மருதங்கிணறு என்கிற ஊரில் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். விளையாடுகிறவள் ஒருத்திதான். மற்ற ஊர்களில் இது தலைகீழாக இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஊர்களுக்காகப் பரிதாபப்பட்டிருப்பார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் சிவனணைந்தான் அண்ணாச்சியிடம் விசில் இருந்தது. கோயில்பிச்சையிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தது. சொரிமுத்துவிடம் தொப்பி இருந்தது. பயிற்சியாளர் ஆவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

ஓடுகிற பெண் பெயர் இசக்கி. பத்தாவது படிக்கிறாள். மாவட்டப் போட்டியில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் முதலாவதாக வந்தால் நகரத்தில் பெண்கள் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். படிப்பு, சாப்பாடு, விஷயம் தெரிந்த பயிற்சியாளர், எல்லாம் அங்கே. வராவிட்டால் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் இந்த மூன்று பேர். அவள் ஏன் உயிரைக் கொடுத்து ஓடினாள் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் கனகவல்லி என்ற அம்மாள் வந்தார். பயிற்சியாளர்களுக்கு என்ன தெரியும், அவர்கள் மனப்பான்மை என்ன, அது பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்கிறவர்.

"ஓடுற பிள்ளைக்கு நடுவுல தண்ணி குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டோம்மா," என்றார் அண்ணாச்சி. "தண்ணி குடிச்சா வெயிட்டு கூடிரும்லா."

"கால் சுளுக்கினா?"

"ஓட விட்டுருவோம். சும்மா உக்கார வச்சா காலுக்கு வலி ஞாபகம் வந்துரும்."

"மாதவிலக்கு நாள்ல?"

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று சொரிமுத்து கோயில்பிச்சையைக் கேட்டார். வராது என்று கோயில்பிச்சை சொன்னார். அந்தக் கேள்விக்கு மருதங்கிணற்றில் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

கனகவல்லி அம்மாள் பேனாவை மூடினார். பொறுமைசாலி போலிருக்கிறது. நானாக இருந்தால் பேனாவை மூடியிருக்க மாட்டேன், வேறு எதற்காவது பயன்படுத்தியிருப்பேன். அவரோ பக்குவமாகச் சொன்னார்: "பயிற்சியாளர் எப்படியோ பிள்ளைங்களும் அப்படித்தான். நீங்க தண்ணி குடிங்க, நல்லா சாப்பிடுங்க, ஓய்வெடுங்க. முதல்ல நீங்க மாறுங்க, அது போதும். அவங்க தானா மாறிடுவாங்க."

சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். படித்தவர்கள் இப்படித்தான், அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே மூவரும் மைதானத்தில் கூடி விவாதித்தார்கள்.

"நாம குடிச்சா போதும்னு அந்தம்மா சொன்னாவளா இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

"சொன்னாவ. போதும்னே சொன்னாவ," என்றார் கோயில்பிச்சை.

"பெரிய படிப்பு படிச்சவுக. விஷயம் இல்லாம சொல்லுவாகளா?" என்றார் சொரிமுத்து.

மறுநாள் மைதானத்தில் ஒரு குடம் தண்ணீர் வந்து இறங்கியது. வெயிலில் இசக்கி சுற்றிச் சுற்றி ஓடினாள். வேப்பமர நிழலில் கோயில்பிச்சை சொம்பு சொம்பாகக் குடித்தார்.

"ஏ பிள்ள, தாகம் அடங்குச்சா?"

"இல்ல சார்," என்றாள் இசக்கி, மூச்சு வாங்க.

"அண்ணாச்சி, அவளுக்கு அடங்கலையாம்."

"நீரு அரைகுறையாக் குடிக்கீரு வே. மனசு வச்சுக் குடியும்."

அவர் மனசு வைத்துக் குடித்தார். அவருக்கு வயிறு முட்டியது, அவளுக்கு நாக்கு ஒட்டியது. அடுத்த சுற்றில் இசக்கி பள்ளிக்கூடத்துக் குழாய்ப் பக்கமாக ஓடி, குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். முகத்தில் தெளிவு இருந்தது.

"பாத்தீரா, இப்பத்தான் போய்ச் சேந்திருக்கு," என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இசக்கிக்குச் சத்து வேண்டும் என்று சொரிமுத்து தினமும் முட்டை சாப்பிட்டார். முட்டைக்குக் காசு பஞ்சாயத்து கொடுத்தது, ஓடுகிற பிள்ளைக்கு என்று. இசக்கிக்கு ஓய்வு வேண்டும் என்று அண்ணாச்சி மத்தியானம் தூங்கினார். இசக்கிக்கு நல்ல மனப்பான்மை வேண்டும் என்று கோயில்பிச்சை காலையிலிருந்து சாயங்காலம் வரை சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரி இரண்டாம் நாளே அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது இசக்கியின் வலது கால் பிசகியது. கணுக்கால் வீங்கிவிட்டது. அந்தக் காலில்தான் அவளுடைய விடுதி, படிப்பு எல்லாம் இருந்தது. மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழாத பிள்ள. உடனே கட்டுப் போட்டுருவோம்," என்ற அண்ணாச்சி, தன் காலை நீட்டினார்.

கோயில்பிச்சை துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். சொரிமுத்து தடுத்தார்.

"அண்ணாச்சி, எந்தக் காலு?"

"அவளுக்கு வலது காலு. அப்ப எனக்கும் வலதுதான்."

"அது எப்படி? அவ உங்களுக்கு எதுத்தாப்பல உக்காந்திருக்கா. அவ வலதுக்கு நேரா உங்க இடதுல்லா இருக்கு."

"அப்ப நான் திரும்பி நின்னுக்கிடுதேன்."

"திரும்பி நின்னா அவளுக்கு முதுகக் காட்டுதியளே. முதுகு வழியாப் பாதிப்பு போவுமா?"

யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டு காலிலும் கட்டுப் போட்டார்கள். நடக்க முடியாத அண்ணாச்சியை மற்ற இருவரும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் மைதானத்துக்கும் அலைந்தார்கள்.

அவர்கள் அந்தக் கட்டிலோடு அல்லாடியதில் இசக்கியை ஓடச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. அவள் அம்மா புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டு, பிள்ளையை வாசற்படி தாண்ட விடவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஓடிப் பார்த்தாள், வலிக்கவில்லை.

"கட்டுன்னா இது கட்டு," என்று அண்ணாச்சி தன் இரண்டு கால்களையும் தடவிக்கொடுத்தார்.

போட்டி நாள் வந்தது. இசக்கி கோட்டில் நின்றாள். மூவருக்கும் கடைசி நேரத்தில் ஒரு சந்தேகம்.

"நாமளும் கூட ஓடணுமா அண்ணாச்சி?"

"கூடவே கூடாது. ஓடுனா நமக்கு இளைக்கும். அந்த இளைப்பு நேரா அவளுக்குப் போவும். படுங்க வே."

மூவரும் மைதானத்து ஓரத்தில் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடினார்கள். வெயிலில் மயங்கிவிட்டார்கள் என்று முதலுதவிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். முட்டாள்தனமாகக் கத்த ஆளில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் இசக்கி தன் போக்கில் ஓடி, எல்லாரையும் தாண்டி முதலாவதாக வந்தாள்.

முதலுதவிக் கூடாரத்தில் நெற்றியில் ஈரத்துணியோடு அண்ணாச்சி கேட்டார்: "ஜெயிச்சிட்டோமா?"

"ஜெயிச்சிட்டோம்," என்றாள் நர்ஸ், எதற்கு வம்பு என்று.

விடுதியில் சேரச் சொல்லி இசக்கிக்குத் தகவல் வந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மூவரும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். முகங்கள் கனமாக இருந்தன.

"நல்லா யோசிச்சிட்டோம் பிள்ள," என்றார் அண்ணாச்சி. "நீ போயி ஒண்ணும் ஆவப்போறதில்ல. நாங்க அங்க தங்கிச் சாப்பிட்டாத்தான் உனக்கு ஒட்டும். அதனால உன் எடத்துல நாங்க மூணு பேரும் சேந்துக்கிடுதோம். நீ இங்ஙனயே ஓடு."

இசக்கியின் அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். இசக்கி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பத்தாவது படிக்கிறவளுக்கு இருந்த நிதானம் எனக்கு இந்த வயதில் இல்லை.

"நீங்க சொல்லுததுதான் சார் சரி," என்றாள். "ஆனா பெட்டியத் தூக்க ஆள் வேணும்லா? தலைமைப் பயிற்சியாளர் பெட்டி தூக்குனா நல்லாவா இருக்கும்? அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிடும். நான் தூக்கிட்டு வாரேன்."

"பொறுப்பான பிள்ள," என்றார் சொரிமுத்து.

நால்வரும் பஸ் ஏறினார்கள். விடுதி வாசலில் வார்டன் அம்மா பெயர் கேட்டார். இசக்கி சொன்னாள். கேட் திறந்தது. பெட்டியோடு உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கேட் மூடியது.

"ஆம்பளைங்களுக்கு இங்க அனுமதி இல்ல," என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் உள்ளே போய்விட்டார்.

மூவரும் மூடிய கேட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இப்ப என்ன செய்ய?" என்றார் கோயில்பிச்சை.

"செய்ய என்ன இருக்கு? பயிற்சியாளர் எப்படியோ பிள்ளையும் அப்படித்தான்னு அந்தம்மா சொன்னாவள்லா? பிள்ள உள்ள இருக்கா. அப்ப நாம எங்க இருக்கணும்?"

"உள்ள."

"அப்ப உள்ளதான் இருக்கோம். வந்த காரியம் முடிஞ்சுது," என்றார் அண்ணாச்சி, நிம்மதியாக.

சொரிமுத்து வெகுநேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, நாம உள்ள இருக்கோம், சரி. அப்ப இங்ஙன வாசல்ல நிக்கிற இந்த மூணு பேரு யாரு?"

மூவரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். பார்த்தவரைக்கும் யாரும் நல்ல ஆளாகத் தெரியவில்லை.

"வயசுப் பிள்ளைக இருக்கிற எடம்," என்றார் அண்ணாச்சி. "சும்மா விடக்கூடாது." கேட்டைத் தட்டி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "ஐயா, உங்க வாசல்ல மூணு ஆம்பளைக ரொம்ப நேரமா நிக்கானுவ. பார்வையே சரியில்ல. என்னன்னு கேளுங்க."

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்று ஆம்பளைகள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர் கம்பை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விரட்டினார். மூவரும் முன்னால் விழுந்தடித்து ஓடியபடியே பின்னால் திரும்பி அவருக்கு உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்: "விடாதீங்க ஐயா, அந்தா ஓடுதானுவ பாருங்க, பிடிங்க."