சீமைத் தட்டின் முதுகு

காலை மடக்கு. போர்வையை இழுக்காதே, எனக்கும் குளிருமில்ல? ம், சொல்றேன்.

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுக்கு மருமகளா வந்தா சிகப்பி. மாமியா பேரு உண்ணாமலை, மூக்குக்கு மேல கோவம். அலமாரி உச்சியில ஒரு தட்டு இருந்துச்சு. பாட்டையா யாவாரத்துக்கு பர்மா போனப்ப, ஒரு துரை வீட்டு ஏலத்துல எடுத்தது. சீமை வெள்ளின்னு ஊரெல்லாம் பெருமை. ஆனா ஒருத்தரும் அதைத் தொட்டதில்லே.

அப்புறம் என்னாச்சு, வீட்ல விசேஷம். சொந்தக்காரவுக வந்து எறங்குறாக. சிகப்பி அந்தத் தட்டோட சேத்து வெள்ளிச் சாமானையெல்லாம் எறக்கி, திருநீறு போட்டு சரக்கு சரக்குன்னு தேய்ச்சா. டம்ளர், கிண்ணி எல்லாம் பளபளன்னு ஆயிருச்சு. தட்டு மட்டும் மங்கலாவே கெடக்கு.

அப்போ உண்ணாமலை பாத்தா. "அய்யய்யோ! எங்க வெள்ளித் தட்டு எங்கடி? மாத்திப்புட்டியா, திருடி?" வந்தவுக முன்னாடியே! "நாளைக்கே ஆத்தா வீட்டுக்கு நடையைக் கட்டு!"

பாவம் அவ. புருஷன் வாயைத் தொறந்தானா? மாட்டானே, தூணுக்குப் பின்னாடி நிக்கிறான் தடிப்பய. சிகப்பி கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "அயித்தை, இது என்ன தட்டுன்னு இங்கயே பாத்துருவோம்."

வெள்ளி டம்ளரைச் சுண்டினா. ணிங்ங்ங்! தட்டைச் சுண்டினா. தொக். "வெள்ளி இல்லேன்னு நாந்தான் சொன்னேனே!"ங்கிறா மாமியா.

அப்புறம் தட்டோட ஓரத்தை வெள்ளைத் தாள்ல சர்ர்ருன்னு இழுத்தா. பென்சில் கோடாட்டம் விழுந்துச்சு. "ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்குல்ல, அந்த எனம் அயித்தை."

"ஈயமா! எந்தச் சந்தையில வாங்கி வச்சே?"

எல்லாம் அவளுக்கே எதிராத் திரும்புது பாத்தியா? ம் கொட்டு.

மூணாவதா, முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோயி முதுகைத் திருப்பினா. றெக்கை முளைச்ச சின்னப் பொம்மை முத்திரை, சுத்தி சீமை எழுத்து. முன்பக்கம் பாத்தா, குறுக்கும் நெடுக்குமா பொடிப்பொடிக் கீறல்.

"இது கத்தி இழுத்த தடம் அயித்தை. கறியை வச்சு அறுத்து அறுத்துத் தின்னுருக்காக. நம்மூர்ல யாரு தட்டுல கத்தி வச்சுச் சாப்புடுறாக? எந்தச் சந்தையில இது கெடைக்கும்? இது பாட்டையா கொண்டாந்த அதே தட்டுதான். என்னைக்குமே வெள்ளியா இருந்ததில்லே."

உண்ணாமலை வெரலால அந்தக் கீறலைத் தடவித் தடவிப் பாத்தா. "தொடாதேன்னு எம் மாமியா சொன்னாக. நானும் தொடவே இல்லியே"ன்னு முனகினா.

அப்போ பாரு, அந்த நேரத்துக்குன்னு உள்ள வந்த மக வீட்டுச் சம்பந்தியம்மா, "இதானா அந்த வெள்ளித் தட்டு?"ன்னு கேட்டுச்சு. சிகப்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"வெள்ளி இல்லே, சீமை ஈயம்"னா உண்ணாமலை, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. "இத்தனை காலமும் நாங்கதான் தப்பாப் பீத்திக்கிட்டிருந்தோம். எம் மருமக கண்டுபிடிச்சா. அவளைப் போயி திருடின்னேன், என் வாயில மண்ணைப் போட."

அப்பத்தான் சிகப்பி ஓன்னு அழுதா. மாமியாளும் சேந்து அழுதா.

தட்டையும் கவுத்தாச்சு, கதையையும் கவுத்தாச்சு. நீயும் கவுந்து படு, தூங்கு.