ஆற்றின் பெயரும் ஒரு சொல்லும்

நுரையாற்றின் கீழ்க்கரை நாட்டில் புதிய ஆட்சி வந்தது. ‘மண் நமது, மொழி நமது, ஆறும் நமது’ என்று முழங்கி வந்த ஆட்சி. வந்த மாதமே மேல்கரைப் படகோட்டிகள் முப்பத்தொரு பேரைப் பிடித்துச் சிறையில் அடைத்தது.

அவர்களை மீட்க இருமுறை போய் வெறுங்கையோடு திரும்பியவர் மேல்கரைத் தூதர் சேந்தன். வயது ஐம்பது. இரண்டாம் முறை திரும்பியதும் தம் குரு விமலையின் மடத்துக்குப் போனார். விமலை அவரைவிடப் பத்து வயது இளையவர். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மையே, முதல் முறை விறைப்பாக நின்றேன். வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை தணிந்துபோனேன். தலையில் ஏறிக்கொண்டார்கள். நான் உறுதியாக இருப்பதா, பொறுமையாக இருப்பதா?”

“அவர்கள் கேட்பது என்ன?”

“விடுதலை உடன்படிக்கையில் நுரையாற்றைத் தாயாறு என்று அவர்கள் வைத்த பெயரால் எழுத வேண்டும். பிடிபட்டவர்கள் திருட வந்தவர்கள் என்றும் எழுத வேண்டும்.”

விமலை கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

“வாருங்கள்.”

ஆற்றுத்துறையில் செவந்தி என்பவள் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சிறையில் இருந்தான்.

“செவந்தி, இந்த ஆற்றுக்கு என்ன பெயர்?” என்று விமலை கேட்டார்.

“அரண்மனையிலே நுரையாறும்பாங்க. நாங்க ஆறுன்னுதான் சொல்றது.”

“அந்தக் கரையில் தாயாறு என்கிறார்களாம்.”

“சொல்லிட்டுப் போகட்டும் அம்மா. தண்ணி நம்ம பக்கமும்தானே ஓடுது.”

இரண்டாவதைச் சேந்தனே கேட்டார்.

“உன் கணவனைத் திருடன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம்.”

அவள் கை நின்றது.

“அவரு வரணும்னுதான் இந்தப் படகைப் பார்த்துப் பார்த்து வச்சிருக்கேன், ஐயா. ஆனா அந்தப் பேரோட வந்தா எந்தத் துறையிலே படகை விடுவாரு? என் பிள்ளைங்களை ஊரு என்னன்னு கூப்பிடும்?”

சேந்தன் திரும்பிப் பார்த்தார். விமலை மடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சேந்தன் ஆற்றைக் கடந்தார். கீழ்க்கரை அவையில் எழுந்து, “தாயாற்றின் மேல்கரையிலிருந்து வந்திருக்கிறேன்” என்று தொடங்கினார். அவை ஆரவாரித்தது. அமைச்சர் நெடுங்கோவின் முகம் மலர்ந்தது.

“அடுத்தது?”

“அடுத்ததை எழுத மாட்டேன். அவர்கள் வெள்ளத்தில் இழுபட்டு உங்கள் கரையில் ஒதுங்கியவர்கள்.”

“அப்படியானால் நீங்கள் போகலாம்.”

“இல்லை. இருக்கிறேன்.”

அவை வாசலில் உட்கார்ந்தார். முதல் நாள் சிரித்தார்கள். நான்காம் நாள் ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஏழாம் நாள் வாசற்காவலன் ஒருவன் தண்ணீர் கொண்டுவந்தான்.

“எங்க சித்தப்பாவும் ஒருதடவை வெள்ளத்திலே உங்க கரையிலே போய் ஒதுங்கினாரு. சோறு போட்டு அனுப்பிச்சாங்க” என்றான். பிறகு, வேலை போனாலும் போகட்டும் என்று அதை அவையிலேயே போய்ச் சொன்னான்.

பதினோராம் நாள் நெடுங்கோ தாமே வெளியே வந்தார்.

“தாயாறு என்ற பெயர் மாறாதே?”

“மாறாது.”

‘திருட வந்தவர்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘வெள்ளத்தில் ஒதுங்கியவர்கள்’ என்று எழுதினார்கள். இருபத்துமூன்று பேரை விட்டார்கள். எட்டுப் பேரைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றார்கள். செவந்தியின் கணவன் வீடு வந்து சேர்ந்தான்.

சேந்தன் மடத்துக்கு வந்தார். நெற்றிக் காயம் இன்னும் ஆறவில்லை.

“எட்டுப் பேர் அங்கேயே இருக்கிறார்கள், அம்மையே. அடுத்த முறை புதிதாக ஏதாவது கேட்பார்கள். எதற்கு இணங்குவது, எதற்கு மறுப்பது என்று இப்போதே எப்படித் தெரிந்துகொள்வது?”

“எட்டுப் பேரின் வீட்டுக்கும் போனீர்களா?”

“ஐந்து வீட்டுக்குப் போனேன்.”

“இன்னும் மூன்று வீடு இருக்கிறதே” என்றார் விமலை.