தண்ணீர் படாத இறகுப் பூச்சிகள்

அந்தக் காலத்தில் காட்டுச் சேவல் மனிதனைக் கண்டு ஓடாது. பவானி ஆறு மலையை விட்டு இறங்குகிற இடத்து ஊர்களுக்கெல்லாம் தாராளமாக வந்து போகும்; வாசலில் நின்று நல்லது கெட்டது பேசும். அதன் கழுத்து முழுக்க மெழுகுச் சொட்டு வைத்ததுபோல் மின்னுகிற இறகு. வெயிலானாலும் மழையானாலும் அது உதிராது. அந்தக் கழுத்தைச் சிலிர்த்துக் காட்டினால் போதும், வேறு சேவல் எதுவும் அதன் மூங்கில் புதருக்குள் கால் வைக்காது.

அங்கே நஞ்சன் என்று ஒருவன் இருந்தான். தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்வதில் கெட்டிக்காரன். ஆற்றில் விட்டால் நிஜப் பூச்சி என்று நம்பி மீன் வந்து கவ்வும். அவனுடைய முன்னோர்கள் கட்டி வைத்த பூச்சிகளெல்லாம் அந்து அரித்து, வெறும் நூலும் முள்ளுமாகக் கிடந்தன. அவற்றை நூலில் ஒரு சுற்றுக்கூட மாறாமல் அப்படியே மறுபடி கட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. பழைய கட்டுக்குக் காட்டுச் சேவலின் கழுத்திறகுதான் வேண்டுமாம். வீட்டுக் கோழி இறகைத் தொடக்கூட மாட்டான்.

ஒருநாள் சேவலிடம் வந்து குழைந்தான்.

“பிள்ளைங்க மீனு தின்னு ரொம்ப நாளாச்சுங்க. உங்க கழுத்துல ரெண்டு எறகு குடுத்தீங்கன்னா, பூச்சி கட்டி மீன் புடிச்சுப் போடுவேனுங்க.”

பிள்ளைகள் என்றதும் சேவல் யோசிக்கவே இல்லை. “புடுங்கிக்கோ” என்று கழுத்தை நீட்டியது. உயிர் போகிற வலி. பல் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். இல்லாத பாவத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டு இறகோடு விட்டானா? மறுபடி வந்தான். அதற்கப்புறமும் வந்தான். ஒவ்வொரு தடவையும் அதே பிள்ளைகள், அதே பசி. கடைசியில் சேவலின் கழுத்து மொட்டையாகிப் போனது. எதிர்க்கரைச் சேவல் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, மூங்கில் புதரைத் தனதாக்கிக்கொண்டது. பெட்டையும் அதோடேயே தங்கிவிட்டது.

போகட்டும், பிள்ளைகளாவது வயிறாரத் தின்றிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சேவல் நஞ்சன் வீட்டுக்குப் போனது. உள்ளே பிள்ளைகள் உப்பைத் தொட்டுக்கொண்டு களியை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்க இறகுப் பூச்சிகள் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. ஒன்றில்கூட ஈரம் பட்ட அடையாளம் இல்லை.

“மீன் எங்கே?” என்று கேட்டது சேவல்.

“இதையெல்லாம் தண்ணியில போடுவாங்களா? எறகு கெட்டுப்போயிருமுங்க. பழைய கட்டு, பார்க்கறதுக்குத்தான்” என்றான் நஞ்சன், வாய் கூசாமல். “இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு உங்க வால் எறகு...”

சேவல் மொட்டைக் கழுத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டியது. “உன் பிள்ளைங்க பசின்னு சொன்னதாலதானேடா கழுத்தை நீட்டுனேன்? என் எடம் போச்சு, என் பெட்டை போச்சு. நீ செவுத்துல மாட்டி அழகு பார்க்கறயா?”

அடுப்படியில் இருந்த நஞ்சன் மனைவி ரங்கிக்கு அது காதில் விழுந்தது. பிள்ளைகள் பேரைச் சொல்லி இறகு வாங்கியிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும். இருப்பதிலேயே அழகான பூச்சியைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். பெரிய மீனோடு திரும்பினாள். பிள்ளைகள் முள்ளைக்கூட விடாமல் சப்பித் தின்றார்கள். அந்த ஒரு இறகு போனதில் சேவலுக்கு வருத்தமே இல்லை.

நஞ்சனோ மீனையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. நனைந்த பூச்சியைக் கையில் வைத்து ஊதி ஊதி அழுதுகொண்டிருந்தான். அழுது முடித்ததும் எழுந்து போய், சேவல் திரும்பிப் போகிற வழியில் அந்த வால் இறகுக்காகக் கண்ணி வைத்தான்.

கண்ணியைக் கண்டதும் சேவல் நின்றுவிட்டது. பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்தியது. “கேட்டப்போ குடுத்தவனுக்கே கண்ணியா? இனி என் எறகு மண்ணுல விழுந்தாலும் விழும், மனுஷன் கையில விழாது.”

அன்று முதல் இன்றுவரை, காட்டுச் சேவல் ஆண்டுதோறும் மழைக்காலத்தில், ஆறு பெருகி மீன் ஏறி, மனிதன் பூச்சி கட்ட இறகு தேடுகிற சமயம் பார்த்து, கழுத்திறகைத் தானே உதிர்த்துவிட்டு முட்புதருக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது. மனிதனின் காலடி கேட்டால் ஓடிவிடுகிறது. பிள்ளைகள் பசி என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.