வட்டச் செயலாளரின் முதுகுவலி

வட்டச் செயலாளர் ஏகாம்பரம் புதிதாக ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினார். குனிந்து குனிந்து ஓட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. கட்சிக்காரர்கள் நாலு பேரோடு மெக்கானிக் அஞ்சலையின் பட்டறைக்கு வந்தார்.

"ஹேண்டில்பாரை உயர்த்தினா அழகு கெட்டுடும். சீட்டையும் தொடக் கூடாது. ஆனா எனக்கு முதுகு வலிக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா பட்டறையை மூடிடுவேன்!"

சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி அப்படியே இருந்தது. பெட்ரோல் டேங்க் மேல் மட்டும் அமைச்சரின் படம் ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"போன வாரம் மேடையில இவர் கால்ல அரை மணி நேரம் விழுந்து கிடந்தீங்களே, முதுகு வலிச்ச மாதிரியே தெரியலையேண்ணே!"

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஏகாம்பரம் படத்தைக் கிழிக்க ஆத்திரத்தோடு கையை நீட்டினார். அவர்களில் ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் ஏகாம்பரம் நீட்டிய கையால் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நன்றாகக் குனிந்து வண்டியைக் கிளப்பினார்.