கதவு வரைக்கும் ஒரு பாட்டு

செல்வின் மாஸ்டரை அனுப்பப் போகிறார்கள் என்பது ஸ்டூடியோவில் டீ கொடுப்பவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. சேனலுக்குப் புது முகம் வேண்டுமாம். டி.வி. பேண்டை அத்தனை வருஷம் நடத்தியவருக்கு அவ்வளவுதான் மரியாதை.

ப்ரிசில்லாவின் பாடுதான் மோசம். காலியாகிற நாற்காலி அவளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண ரிசப்ஷனில் சாப்பாட்டுப் பந்திச் சத்தத்துக்கு நடுவே சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தவளைப் பேண்டுக்குக் கூட்டி வந்து, வாசிப்பு சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவளுக்கும் இப்போது நாற்பதாகப் போகிறது.

அவருடைய கடைசி நாள். காலை ஒத்திகைக்கு முன்னால் மாஸ்டர் சாக்ஸபோனின் ரீடை, அந்த நாணல் துண்டை, வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றாள்.

"மாஸ்டர், அந்த நாற்காலியை எனக்குக் கொடுக்குறாங்களாம்."

"தெரியும்."

"நான் அதுக்குத் தகுதியா?"

ரீடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஷோ முடியட்டும். சொல்றேன்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இல்லைன்னு சொன்னா விட்டுடுவியா?"

விடமாட்டாள். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

அது பாட்டுப் போட்டி நிகழ்ச்சி. தோற்றவர் மேடையிலிருந்து கதவு வரைக்கும் நடந்து போக வேண்டும். அந்த நடைக்கு மாஸ்டர் ஒரு மெட்டுப் போட்டிருந்தார். சாக்ஸபோன் மட்டும். கேட்டால் கல்லும் அழும். ஆனால் பாதி போவதற்குள் ஃப்ளோர் மேனேஜர் ரியாஸ் கையை இறக்கிவிடுவான். விளம்பரம். கை இறங்கினால் மூச்சை அறுத்துவிட வேண்டும். மாஸ்டரின் முதல் பாடமே அதுதான். ஒரு ஸ்வரம் இழுத்தாலும் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். "வாசிக்க அப்புறம் பழகு. முதல்ல நிறுத்தப் பழகு" என்பார்.

அதனால் அந்த மெட்டின் முடிவை ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

"உனக்கு முடிவு தெரியுமில்ல?" என்றார் மாஸ்டர்.

"வீட்டுல வாசிச்சுக் காட்டியிருக்கீங்களே."

"சாயங்காலம் நான் நடப்பேன். நீ வாசி. கடைசிவரைக்கும்."

"ரியாஸ் கையை இறக்குவானே?"

"இறக்குவான்."

"நேரலை மாஸ்டர்."

"அதான் உன்கிட்ட கேக்குறேன்."

"வாசிக்கிறேன். எங்கம்மா மேல சத்தியம்."

"அம்மாவை எதுக்கு இழுக்குற? வாசி, போதும்."

சாயங்காலம் சால்வை போர்த்தினார்கள். தொகுப்பாளினி அவரைச் செல்வம் மாஸ்டர் என்றாள். நடுவர்கள் ஈரமே இல்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாஸ்டர் யாரையும் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ப்ரிசில்லா வாசித்தாள். பொய் சொல்வானேன், அவள் அப்படி ஒருநாளும் வாசித்ததில்லை. கேமராக்காரர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கையைப் பார்த்தால்தானே நிறுத்த வேண்டும்?

வழக்கமாகக் கை இறங்குகிற இடம் வந்தது. கண் தானாகத் திறந்தது.

ரியாஸ் கையை இறக்கினான்.

மூச்சு அறுந்தது. சுத்தமாக, கத்தியால் நறுக்கின மாதிரி. ஒரு துளி சத்தம் மிச்சமில்லை. மானிட்டரில் சோப்பு விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

"அக்கா, செம கட்!" என்றான் ரியாஸ்.

மாஸ்டர் பாதி வழியில்தான் இருந்தார். நிற்கவில்லை. மீதித் தூரத்துக்கு அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் வாத்தியத்தோடு ஓடினாள். கதவருகே பிடித்துவிட்டாள்.

"மாஸ்டர், நான் வேணும்னு நிறுத்தல. சத்தியமா..."

இரண்டு கையிலும் பெட்டியும் சால்வையும். முதுகாலேயே கதவைத் தள்ளித் திறந்தார்.

"காலையில ஒண்ணு கேட்டியே."

"இப்ப அது வேணாம் மாஸ்டர்."

"தகுதிதான்" என்றார்.